அடுப்புக்குப் போன பலகை

ஒரு நாட்டின் பிரதமர் உங்கள் முன்னால் குனிந்து கையை நீட்டுகிறார். நீங்கள் கூஜாவைச் சாய்த்து அந்தக் கையில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஒரு வாக்கியம் சொன்னால் ஓர் உயிர் பிழைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சொல்வீர்களா, மாட்டீர்களா?

இதென்ன கேள்வி, சொல்லாமல் இருப்பேனா என்று முந்திக்கொள்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எஸ்மாவும் வாயில்லாப் பூச்சி அல்ல. ஊர் மருத்துவமனையில் நர்ஸ். ஊசிக்குப் பயந்து நெளிந்த போலீஸ் அதிகாரியை, "சட்டையை ஏத்துங்க, சும்மா நாடகம் போடாதீங்க" என்று அதட்டியவள். ஆனால் அந்தப் பிரதமர் அவளுக்கு மாமனார்.

அப்காசியாவில் மலையடிவாரத்து அகுவார்த்தா கிராமம். அங்கே தராஷின் வீட்டுக்கு, அவருடைய மகன் அட்கூரின் மனைவியாக எஸ்மா வந்து சேர்ந்தாள். புதிதாக வந்த மருமகள் மாமனாரோடு பேசக் கூடாது. அவர் எதிரில் உட்காரக் கூடாது. அவர் பெயரை உச்சரிக்கக் கூடாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளுடைய அம்மா அப்படி இருந்தாள், அக்கா அப்படி இருக்கிறாள், அவளும் இருந்தாள். என்றைக்காவது ஒருநாள் மாமனாரே கன்றுக்குட்டி அறுத்து, சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு, மருமகள் கையில் ஒரு பரிசைக் கொடுத்து, இனி என்னோடு பேசு மகளே என்பார். அன்றைக்குப் பூட்டுத் திறக்கும். சில வீடுகளில் இது ஒரு வருஷத்தில் நடந்துவிடும். சில வீடுகளில் மாமனாரைப் புதைக்கும் வரை நடக்காது. அப்போதும் ஊர் கூடி, "ஒரு வார்த்தை பேசினதில்ல, என்ன மரியாதையான பொண்ணு" என்று மெச்சிவிட்டுப் போகும். ஒரு மனுஷியின் நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டு அதற்குப் பாராட்டும் தருகிற திறமை மனித குலத்துக்கு எல்லா மூலையிலும் உண்டு.

எஸ்மாவின் மாமியார் நல்ல பெண்மணி. வருகிற இலையுதிர்காலத்தில் பேச்சு விருந்து வைத்துவிடலாம், திராட்சை ரசமும் புதிதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையிலேயே இறந்துபோனாள். ஒரு வருஷம் துக்கம். துக்கம் முடிவதற்குள் தராஷை மந்திரியாக்கினார்கள். மந்திரிக்கு நேரமில்லை. அப்புறம் பிரதமராக்கினார்கள். பிரதமர் வீட்டு விருந்து என்றால் பாதி நாட்டையாவது கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் விட்டவர்கள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். ஆகவே விருந்து தள்ளிப்போனது. தராஷுக்கு மருமகள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவர் அதை அவசரமான காரியம் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிரதமர் என்றதும் கோட்டையையும் குதிரைப்படையையும் நினைக்க வேண்டாம். இந்த நாட்டை நாடென்று ஒப்புக்கொண்ட நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பசிபிக் கடலில் ஒன்றிரண்டு தீவுகள் ஒப்புக்கொண்டு, பிறகு மனசு மாறி இல்லை என்றும் சொல்லிவிட்டன. பிரதமரை ஜனாதிபதி நியமிப்பார், ஜனாதிபதியே வீட்டுக்கு அனுப்புவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாருக்கும் குளிர்காயக்கூட நேரம் கிடைத்ததில்லை. தராஷ் அதில் உட்கார்ந்ததும் தலைநகர் சுகுமில் தன் அலுவலகக் கதவைத் திறந்தே வைத்தார். ஓய்வூதியம் வராத கிழவி, கூரை போன பள்ளிக்கூடத்து வாத்தியார், மகனுக்கு வேலை கேட்கிற தாய்மாமன் என்று யாரும் நேராக உள்ளே போகலாம். காபி வரும். முழுக்கக் கேட்பார். இப்படிக் காதுகொடுத்துக் கேட்கிற பிரதமர் நமக்கு வாய்த்ததே இல்லை என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். பொய்யில்லை. நாட்டில் ஒரே ஒருத்தியைத் தவிர எல்லோரும் அவரிடம் பேச முடிந்தது.

எஸ்மா அவரிடம் பேச நினைத்தது பாலத்தைப் பற்றி.

கிராமத்தை ஜிக்வா ஆறு இரண்டாக வெட்டுகிறது. இந்தக் கரையில் சாலை, கடை, மருத்துவமனை, தராஷின் வீடு. அந்தக் கரையில் மேல்குடியிருப்பு, சோளக் கொல்லைகள், தேன்பெட்டிகள். நடுவில் ஒரு தொங்குபாலம். சோவியத் காலத்தில் கட்டியது. பலகைகள் உளுத்துப்போனால் ஊர் ஆண்கள் மாற்றுவார்கள். ஆனால் பலகையைத் தாங்குகிற கம்பி வடமே துருவேறி நூல்நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. அதைப் பலகையும் ஆணியும் கொண்டு சரிசெய்ய முடியாது. எஸ்மா நோயாளிகளைப் பார்க்க அதன்மேல்தான் போய்வருவாள். போகும்போதெல்லாம் கம்பியைப் பிடித்த கையில் துரு ஒட்டும். தராஷ் பாலத்தில் கால்வைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவர் கார் இந்தக் கரையோடு நின்றுவிடும்.

மேல்குடியிருப்பில் மக்தீனா இருந்தாள். போரில் புருஷனைப் பறிகொடுத்தவள், தேனீ வளர்ப்பவள், எஸ்மாவின் ஒரே சிநேகிதி. வாரச் சந்தைக்கு இரண்டு பேரும் ஒரே வேனில் போவார்கள். தேன் பாத்திரங்களைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பாலத்தில் வரும்போதே மக்தீனாவின் வாய் இந்தக் கரைக்கு வந்துவிடும்.

"அடியே, உங்க மாமனார் மாஸ்கோ போய் நாட்டுக்கு அங்கீகாரம் கேக்கறாராமே? வரும்போது இந்தப் பாலத்துக்கும் கொஞ்சம் அங்கீகாரம் வாங்கிட்டு வரச் சொல்லுடி."

"நான் எங்க சொல்றது? நான் அவர்கிட்ட சாப்பிட வாங்கன்னுகூட சொன்னதில்ல."

"ஐயோ பாவம். பிரதமர் வீட்டு ஊமை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எஸ்மாவும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு வேனில் உட்கார்ந்தபோது கையிலிருந்த துருவை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்தாள். அட்கூர் மர ஆலையில் வேலை பார்ப்பவன். நல்லவன், அப்பா பேச்சைத் தட்டாதவன். பாலம் இந்த வசந்தத்தைத் தாண்டாது, அப்பாவிடம் சொல்லுங்கள் என்று அவள் கேட்டபோது அவன் முகம் சுருங்கிப்போனது.

"நாட்டுல எத்தன பாலம் கெடக்கு. அவரு பிரதமரானதும் மொதல்ல தன் சொந்த ஊர்ப் பாலத்தச் செஞ்சுகிட்டாருன்னு பேர் வரணுமா?"

"பேர் வந்தா வரட்டுமே. விழுந்தா பொணம்தான் வரும்."

"நானே போய் எங்கப்பாகிட்ட நம்ம ஊருக்குன்னு கையேந்தினா எம் மூஞ்சில காறித் துப்புவாங்க எஸ்மா. உனக்குப் புரியாது."

அவளுக்கு நன்றாகவே புரிந்தது. இங்கே ஆண்களுக்கு மானம் என்பது சோறு தண்ணீரைவிடப் பெரியது. சொந்த ஆள் பதவியில் இருக்கும்போது அவனிடம் எதையும் கேட்காமல் இருப்பதுதான் கௌரவம். பக்கத்து ஊர்க்காரன் அலுவலகத்துக்கே போய்க் கேட்டு வாங்கிவிட்டான். அவனுக்குத் தார்ச்சாலை வந்தது. தராஷின் ஊரிலிருந்து மட்டும் ஆணோ பெண்ணோ யாரும் போகவில்லை, எதுவும் வரவில்லை. அதில் ஊருக்கு ஒரு பெருமையே இருந்தது. இப்படி ஒரு பெருமையைப் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு ஆற்றின்மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

குளிர்காலக் கடைசியில் தராஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தார். ஊர்ப் பெரியவர்களுக்கு வீட்டில் விருந்து. சோளக்களி, புகைபோட்ட இறைச்சி, பாலாடைக்கட்டி, காரமான மிளகாய் விழுது, வீட்டுத் திராட்சை ரசம். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெண்கள் பரிமாறினார்கள். எஸ்மா சுவரோரமாக, தோளில் துண்டோடு நின்றாள். அவள் நிற்கிற இடம் அதுதான்.

கோப்பையை உயர்த்தி வாழ்த்துகள் முடிந்ததும் தராஷ் கேட்டார். எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விதான். சொந்த ஊர் என்று விட்டுவிடவில்லை.

"எல்லாரும் என் ஆபீசுக்கு வராங்க. நீங்க யாரும் வரல. ஊர்ல ஏதாவது குறை உண்டா? மறைக்காமச் சொல்லுங்க."

மூத்தவர் குதீசா மீசையைத் தடவினார். அவர் வீடு மேல்குடியிருப்பில். அன்று காலையில் அதே பாலத்தில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டை பார்த்து ஓட்டை பார்த்துக் கால்வைத்து வந்தவர்.

"எங்களுக்கென்ன குறை? நீ நாட்டப் பாரு. நாடு நல்லா இருந்தா நாங்க நல்லா இருப்போம்."

எல்லோரும் தலையசைத்தார்கள். அட்கூரும் அசைத்தான். சுவரோரம் எஸ்மா எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வானம் இடிந்திருக்காது. அட்கூர் தலைகுனிந்திருப்பான். இரண்டு மாதம் ஊர் பேசியிருக்கும். இதை அவள் பின்னால் எத்தனையோ முறை கணக்குப்போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அவள் காலியான தட்டில் களி வைக்கப் போனாள்.

எழுதிக் கொடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் பேசாத மருமகள் எழுதினால் அதுவும் பேச்சுதான். கட்டுப்பாட்டைக் கள்ளத்தனமாக மீறினாள் என்று ஆகும். யோசித்து யோசித்து அவள் வேறொன்று செய்தாள். பாலத்தில் பாதி உடைந்து தொங்கிய ஒரு பலகையை அடுத்த வாரம் பிடுங்கி எடுத்து வந்தாள். உளுத்து, ஆணி ஓட்டையெல்லாம் விரிந்து, ஓரத்தில் வடத்தின் துரு அப்பிய பலகை. தராஷ் மறுபடி வந்த நாளில், அவர் கைகழுவுகிற இடத்தில், சோப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். பார்த்தால் கேட்பார். அவளைப் பார்த்துக் கேட்காவிட்டாலும் காற்றைப் பார்த்தாவது கேட்பார். 'இந்தப் பலகை எங்கேருந்து வந்தது' என்று ஒரு வார்த்தை போதும். அட்கூர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தராஷ் வந்தார். சட்டைக் கையை மடித்தார். அவள் கூஜாவைச் சாய்த்தாள். கழுவி முடித்தார், துண்டை நீட்டினாள், துடைத்தார். பலகை கண்ணில் பட்டது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா காஞ்சிருக்கு," என்றார், அவளைப் பார்க்காமல், யாரிடமோ சொல்வதுபோல. "இந்த வீட்ல வெறகுக்குக்கூட ஒருத்தர் பாத்துப் பாத்துச் செய்யறாங்க."

அதை எடுத்துக்கொண்டுபோய், சோளக்களி வெந்துகொண்டிருந்த அடுப்புக்குள் தள்ளினார். உளுத்த மரம், சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவர் குரலில் இருந்தது பாராட்டு. பேசாத மருமகளுக்கு ஒரு மாமனார் கொடுக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு. எஸ்மா காலிக் கூஜாவோடு நின்றாள். அப்போது பேசியிருக்கலாம். அவர் முதுகுதான் தெரிந்தது. முகத்தைப் பார்க்கக்கூட வேண்டியிருந்திருக்காது.

பனி உருகியது. ஜிக்வா கரைதொட்டு ஓடியது. சந்தை நாள் காலையில் எஸ்மா இந்தக் கரையில் வேனுக்கு நின்றாள். மக்தீனா இரண்டு தோளிலும் தேன் பாத்திரங்களோடு பாலத்தில் ஏறினாள். நடுவில் வந்ததும் வழக்கம்போல் வாயைத் திறந்தாள்.

"ஏய் ஊமை! இன்னைக்கு பிரதமர் பாலம் என்னமா ஊஞ்சல் ஆடுது பாரு!"

வடம் அறுந்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை. பாலம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பலகைகள் சீட்டுக்கட்டுபோல் சரிந்தன. எஸ்மா தண்ணீருக்குள் இடுப்புவரை இறங்கிவிட்டாள். வேன் ஓட்டுநர்தான் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். ஒரு தேன் பாத்திரம் மிதந்துபோவது தெரிந்தது. மக்தீனாவைக் கீழ் வளைவில், ஆற்று மரங்களின் வேரிலிருந்து எடுத்தார்கள்.

சாவுக்குத் தராஷ் வந்தார். அதிகாரத்தைச் சுகுமிலேயே விட்டுவிட்டு, மற்ற ஆண்களைப்போலத் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். பிறகு அறுந்து தொங்கிய பாலத்தின் எதிரில் நின்று ஊர் ஆண்களைக் கேட்டார்.

"நான் உங்களக் கேட்டேனே. எல்லார் முன்னாடியும் கேட்டேனே. ஒருத்தர்கூட ஏன்யா சொல்லல?"

குதீசா தரையைப் பார்த்தார். அட்கூர் ஆற்றைப் பார்த்தான். பெண்கள் கூட்டத்திலிருந்து எஸ்மா அவரைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மூடிக்கிடந்த சுரங்கம் ஒன்றிலிருந்து பழைய கம்பி வடத்தைக் கழற்றிக்கொண்டுவந்து, ஊர் ஆண்களே ஒரே வாரத்தில் பாலத்தைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். யாரிடமும் கையேந்தவில்லை. மானம் போகவில்லை. சுரங்கமும் வடமும் எத்தனையோ வருஷமாக அங்கேயேதான் கிடந்தன. மக்தீனா செத்த பிறகுதான் அவர்களுக்கு அது நினைவுக்கு வந்தது.

கோடையில் ஜனாதிபதிக்கும் மந்திரிசபைக்கும் ஏதோ பிணக்கு வந்தது. பாலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தராஷ் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கார் போனது, அலுவலகம் போனது, சட்டைப் பையில் ஓயாமல் அடித்த போன் ஓய்ந்தது. வந்த மறுநாளே தள்ளிப்போட்ட காரியங்களை எல்லாம் எடுத்தார். வேலி கட்டினார். மனைவியின் கல்லறைக்குக் கல் வைத்தார். இலையுதிர்காலத்தில், திராட்சை ரசம் புதிதாக இருந்தபோது, பேச்சு விருந்து வைத்தார். பதவி இல்லாதவர் வீட்டு விருந்து என்பதால் கூட்டம் குறைவு. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கன்றுக்குட்டி அறுத்தார்கள். எஸ்மாவை முற்றத்தின் நடுவில் நிற்க வைத்தார்கள். தராஷ் அவள் கையில் ஒரு சிப்பிமாலையைக் கொடுத்தார். ஏதோ தீவிலிருந்து வந்த தூதுக்குழு அவருக்குக் கொடுத்தது. அந்தத் தீவு பிறகு மனசு மாறிவிட்டது, மாலை மட்டும் மிச்சம்.

"மகளே, ரொம்பக் காக்க வெச்சிட்டேன். இனிமே என்னோட பேசு. என்ன வேணா பேசு."

வழக்கமாக மருமகள் 'நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்' என்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். கோப்பைகள் தயாராக இருந்தன.

"நீங்க அடுப்புல போட்டீங்களே ஒரு பலகை," என்றாள் எஸ்மா. "அது பாலத்துப் பலகை. உங்களுக்குத்தான் கொண்டுவந்து வெச்சேன்."

யாரும் கைதட்டவில்லை. தராஷுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, விளங்கியது முகத்தில் தெரிந்தது. கைகழுவுகிற இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அட்கூர் எழுந்து அவளைத் தடுக்க வந்தான்.

"உக்காருடா," என்றார் தராஷ். தான் மட்டும் எழுந்து நின்றார். ஒரு மருமகள் முன்னால் ஒரு மாமனார் எழுந்து நிற்பதை அந்த முற்றம் அதுவரை பார்த்ததில்லை. "சொல்லும்மா. எல்லாத்தையும் சொல்லு."

அவள் சொன்னாள். துருவைச் சொன்னாள், அட்கூரிடம் கெஞ்சியதைச் சொன்னாள், குதீசா மீசையைத் தடவியதைச் சொன்னாள், மக்தீனா அவளை என்னவென்று கூப்பிட்டாள் என்பதையும் சொன்னாள். குதீசா நடுவிலேயே எழுந்து போய்விட்டார். களி ஆறி இறுகியது. தராஷ் ஒரு வார்த்தைகூடக் குறுக்கிடாமல், நின்றபடியே கேட்டார். கேட்பதில் அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் இப்போது கேட்டு முடித்ததும் கூப்பிட்டுச் சொல்ல ஓர் அதிகாரி இல்லை, கையெழுத்துப் போட ஒரு நாற்காலி இல்லை, காப்பாற்ற மக்தீனாவும் இல்லை. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"நீங்க இன்னைக்குத்தானே பேசச் சொன்னீங்க?"

உலகமே தன் நாட்டின் குரலைக் கேட்க மறுக்கிறது என்று மேடைக்கு மேடை மனம் நொந்து பேசியவர் அவர். நியாயமான ஆதங்கம்தான்.

இப்போதும் சந்தை நாளில் எஸ்மா பாலத்தருகே நிற்கிறாள். தராஷ் உடன்வந்து அவள் கூடையைச் சுமந்து நிற்கிறார். இரண்டு பேரும் நிறையப் பேசுகிறார்கள். பாலம் ஆடுவதில்லை. சிப்பிமாலையை அவள் மக்தீனாவின் கல்லறைக் கம்பிவேலியில் மாட்டிவிட்டாள்.

இது எங்கோ மலைநாட்டு வழக்கம், நமக்கென்ன என்று இதை மூடிவைக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் சுவரோரம் யாரோ துண்டோடு நிற்கிறார்கள். ஊமை என்று நீங்கள் முடிவுகட்டியிருக்கலாம், மரியாதை என்று பெயர் வைத்திருக்கலாம். விருந்துக்கும் நல்ல நாளுக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே போய், "நீ என்கிட்ட சொல்லாம வெச்சிருக்கறது என்ன?" என்று கேளுங்கள். அவள் சொல்லும்போது எழுந்து நின்று கேளுங்கள்.